பையும் குழலும்

ஒவ்வோர் ஆண்டும் சனவரி 29 மாலையில் டில்லியில் ஒரு நிகழ்ச்சி நடக்கிறது. குடியரசு நாள் விழாவின் நிறைவு அது. முப்படைகளின் வாத்தியக் குழுக்கள் அணிவகுத்து வரும். டி.வி.யில் நீங்கள் பார்த்திருக்கலாம்.

அந்த அணியில் சிலரைக் கவனியுங்கள். அவர்கள் கக்கத்தில் ஒரு பையை இடுக்கியிருப்பார்கள். தோளின்மேல் மூன்று குழல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். வாயில் ஒரு குழல் இருக்கும். விரல்கள் இன்னொரு குழலின்மேல் ஓடும்.

அந்த வாத்தியத்தின் பெயர் பேக்பைப். ஆங்கிலத்தில் பேக் என்றால் பை. பைப் என்றால் குழல். பையும் குழலும் சேர்ந்தது பேக்பைப்.

இது எந்த நாட்டு வாத்தியம்? கேட்டால் எல்லோரும் ஸ்காட்லாந்து என்பார்கள். பிரிட்டன் தீவின் வடபகுதிதான் ஸ்காட்லாந்து. மலையும் மழையும் குளிரும் நிறைந்த நாடு. ஆடு வளர்ப்பு அங்கே பழைய தொழில். மக்கள் தொகை சுமார் 55 லட்சம்.

ஆனால் பை வைத்த குழல் அங்கே மட்டும் இல்லை. ஸ்பெயினில் உண்டு. பல்கேரியாவில் உண்டு. நம் உத்தரகண்ட் மலை ஊர்களில் கல்யாணத்துக்கு மஷக் என்ற பைக்குழல் வாசிக்கிறார்கள். ஆட்டுத்தோலும் நாணலும் உள்ள ஊரில் யாருக்கும் இந்த யோசனை தோன்றலாம். ஸ்காட்லாந்துக்காரர்கள் அதைத் தங்கள் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார்கள். அவர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள்? எதைக்கொண்டு செய்கிறார்கள்? பார்ப்போம்.

பை எதற்கு?

குழல் ஊதுகிறவருக்கு மூச்சு வாங்க வேண்டும். அந்த நேரத்தில் ஓசை நின்றுவிடும். பை இருந்தால் நிற்காது. வாயால் ஊதிய காற்று பையில் சேருகிறது. ஊதுகிறவர் மூச்சு வாங்கும்போது கையால் பையை அழுத்துகிறார். பையிலிருக்கும் காற்று குழல்களுக்குள் போகிறது. கொல்லர் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊதிய காற்று வாய்க்கே திரும்பி வரக் கூடாது அல்லவா? ஊதுகுழலின் அடியில் ஒரு சிறு தோல் மூடி இருக்கிறது. காற்று உள்ளே போகும்போது திறக்கும். திரும்பி வரப் பார்த்தால் மூடிக்கொள்ளும். தண்ணீர் பம்பில் உள்ள வால்வு செய்யும் அதே வேலைதான்.

விரல் ஓடும் குழலில் மேல்பக்கம் 7 துளைகள். பின்பக்கம் கட்டைவிரலுக்கு 1 துளை. இதில் 9 சுரங்கள் பிறக்கும். இதைப் பாட்டுக் குழல் என்று சொல்லுவோம். தோளில் சாய்ந்திருக்கும் மூன்றும் ஒத்துக் குழல்கள். நாகசுரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவை. இரண்டு சிறியவை. ஒன்று பெரியது, அதன் ஓசை கனமாக இருக்கும்.

ஓசை நிற்காமல் வருவதில் ஒரு சங்கடமும் உண்டு. ஒரே சுரத்தை இரண்டு முறை எப்படி வாசிப்பது? நடுவில் நிறுத்த முடியாதே! அதற்காக வாசிப்பவர் விரலைச் சட்டென்று தட்டி எடுக்கிறார். ஒரு நொடிக்கும் குறைவாக வேறு சுரம் கேட்டு மறையும். அதுதான் இடைவெளி. பேக்பைப் இசையில் வரும் துள்ளலுக்கு இதுவே காரணம்.

முதலில் துளை, பிறகு கடைசல்

ஒரு பேக்பைப்பில் எத்தனை மரத்துண்டுகள்? எண்ணிப் பாருங்கள். சிறிய ஒத்துக் குழல் ஒன்றுக்கு 2 துண்டு. அப்படி இரண்டு குழல், ஆக 4. பெரிய ஒத்துக் குழலுக்கு 3. பாட்டுக் குழல் 1. ஊதுகுழல் 1. இந்த ஐந்து குழல்களையும் பையில் செருக ஐந்து முளைகள் வேண்டும். அவற்றைப் பையோடு இறுகக் கட்டிவிடுவார்கள். எல்லாம் கூட்டினால் 14. ஒவ்வொன்றும் தனியாகத் துளைத்து, தனியாகக் கடைந்தெடுத்தது.

மரத்தை வாங்கியவுடன் வேலை தொடங்க முடியாது. பச்சை மரம் காயும்போது சுருங்கும், முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். எனவே சிறு கட்டைகளாக அறுக்கிறார்கள். முனைகளில் மெழுகு பூசுகிறார்கள். முனை வழியாக ஈரம் வேகமாகப் போய்விடும். அப்படிப் போனால் கட்டை வெடிக்கும். மெழுகு அதைத் தடுக்கும். பிறகு அலமாரியில் அடுக்கிவிடுகிறார்கள். மாதக் கணக்கில் இல்லை, ஆண்டுக் கணக்கில் கட்டை அங்கே இருக்கும். நல்ல பட்டறையில் இன்று அடுக்கிய கட்டையை நாளைய தொழிலாளிதான் எடுப்பார்.

காய்ந்த கட்டையில் முதல் வேலை துளை போடுவது. வெளிப்பக்கத்தை அழகாகக் கடைந்துவிட்டுப் பிறகு துளைத்தால் என்ன? நீளமான துளை எப்போதும் நேராகப் போகாது. மரத்தின் ரேகையைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக விலகும். ஒரு பக்கம் சுவர் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் ஆகிவிடும். அதனால் துளையை முதலில் போட்டு, அந்தத் துளையையே நடுவாக வைத்து வெளிப்புறத்தைக் கடைகிறார்கள். துளை எங்கே போனதோ, குழலும் அங்கேயே போகட்டும் என்பது கணக்கு.

துளைத்தபின் கட்டையை மறுபடி ஆறப் போடுவார்கள். மரத்துக்குள் இருந்த இறுக்கம் தளர வேண்டும். அவசரக்காரருக்கு இந்தத் தொழில் ஒத்துவராது.

ஒத்துக் குழலின் துளை, பகுதிக்குப் பகுதி ஒரே அகலமாக இருக்கும். பாட்டுக் குழல் அப்படி இல்லை. அதன் துளை மேலே குறுகல், கீழே அகலம். மேலே சுமார் 4 மில்லிமீட்டர். கீழே சுமார் 2 சென்டிமீட்டர். ஒரு அடிக்குச் சற்று அதிகமான நீளத்தில் துளை மெல்ல மெல்ல விரிய வேண்டும். இதற்கென்று நுனி சிறுத்த, விளிம்பு கூரான ஒரு நீளக் கருவி உண்டு. அதை உள்ளே விட்டுச் சுற்றிச் சுற்றி மரத்தைச் சுரண்டி எடுப்பார்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு பட்டறைக்காரரும் தமக்குரிய கருவியைத் தாமே செய்துகொண்டார். அந்தக் கருவியின் வடிவம்தான் அவர் குழலின் குரல். ஒரு மயிரிழை மாறினாலும் ஏதோ ஒரு சுரம் பிசகும்.

பிறகு வெளிப்புறம். பழைய நாளில் காலால் மிதித்துச் சுற்றும் கடைசல். பிறகு நீராவி, மின்சாரம். இன்று பல பட்டறைகளில் கம்ப்யூட்டர் சொன்னபடி கடையும் இயந்திரம் வந்துவிட்டது. குழலின்மேல் மணி வைத்ததுபோல் வளையங்களும், சீப்புப் பல்போல் நெருங்கிய கோடுகளும் கடைகிறார்கள். கடைசியில் எண்ணெய் ஊட்டிப் பளபளப்பாக்குகிறார்கள்.

துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகும் இடத்தில் மெழுகு தடவிய சணல் நூலைச் சுற்றுவார்கள். காற்று கசியாது. குழலை நீட்டவும் குறைக்கவும் முடியும். நீட்டினால் சுரம் இறங்கும். குறைத்தால் ஏறும். சுருதி சேர்ப்பது இப்படித்தான்.

இந்தத் தொழிலில் ஒரு கெடுதலும் இருக்கிறது. இந்தக் கடினமான மரங்களின் தூள் மிக மெல்லியது. தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு, தடிப்பு வரும். மூச்சில் போனால் இருமலும் இளைப்பும் வரும். பழைய படங்களில் தொழிலாளிகள் முகத்தில் ஒன்றும் கட்டாமல் வேலை செய்கிறார்கள். இன்று முகமூடி போடுகிறார்கள். தூளை உறிஞ்சும் இயந்திரமும் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்த் தச்சர்களும் கடைசல்காரர்களும் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

நாணலின் நாக்கு

மரக்குழல் எவ்வளவு அழகாக இருந்தாலும் தானாக ஓசை தராது. ஓசை பிறப்பது நாணல் தட்டையில். பாட்டுக் குழலின் தலையில், பைக்குள் மறைந்தபடி ஒரு சிறு சீவாளி இருக்கிறது. இரண்டு நாணல் சீவல்களை ஒரு செம்புக் குழாயோடு சேர்த்து நூலால் கட்டியிருப்பார்கள். காற்று பட்டதும் இரண்டும் அதிரும். நாகசுரச் சீவாளி வேலை செய்யும் விதமும் இதுவே. ஒரு வித்தியாசம். நாகசுரக்காரர் சீவாளியை உதட்டில் வைத்து ஆள்கிறார். பேக்பைப்பில் உதடு சீவாளியைத் தொடுவதே இல்லை. அதனால் மெதுவாக, உரக்க என்று மாற்றி வாசிக்க முடியாது.

ஒத்துக் குழலுக்கு வேறு வகை. ஒரு முனை அடைத்த நாணல் துண்டில் நாக்குப்போல் ஒரு சீவலைக் கீறி விடுவார்கள். அந்த நாக்கு அதிரும். நாக்கின் நீளத்தை ஒரு நூல் கட்டு தீர்மானிக்கும்.

இந்த நாணல் ஸ்காட்லாந்தில் வளர்ந்தது இல்லை. மத்தியதரைக் கடலை ஒட்டிய வெயில் நாடுகளிலிருந்து வருகிறது. இன்று ஒத்துக் குழலுக்குப் பெரும்பாலும் பிளாஸ்டிக் போன்ற செயற்கை நாக்குகள் வந்துவிட்டன. பாட்டுக் குழலுக்கு மட்டும் இன்னும் நாணல்தான் அதிகம். கத்தியை எடுத்து, கொஞ்சம் சீவி, ஊதிப் பார்த்து, மறுபடி சீவி... அந்த வேலை காதுக்கும் கைக்கும் உரியது.

பையும் மாறிவிட்டது. முன்பு ஆட்டுத்தோல், மாட்டுத்தோல். தையல் வழியாகவும் தோல் வழியாகவும் காற்று கசியும். அதை அடைக்கத் தேன், சர்க்கரைப் பாகு போன்றவை கலந்த ஒரு குழம்பை உள்ளே ஊற்றிப் பிசைந்துவிடுவார்கள். ஒவ்வொரு வாசிப்புக்காரருக்கும் ஒரு ரகசியப் பக்குவம் உண்டு! இப்போது காற்றைப் பிடித்துவைத்து ஈரத்தை வெளியே விடும் செயற்கைத் துணியில் பை வருகிறது. பலர் அதற்கு மாறிவிட்டார்கள். ஆனால் பையின் உள்ளே சுத்தம் வேண்டும். ஈரமும் பூஞ்சையும் சேர்ந்தால் நுரையீரல் கெடும். பேக்பைப்பை நாள்தோறும் வாசித்த ஒருவர் அப்படி நோயுற்று இறந்ததை 2016-இல் பிரிட்டன் மருத்துவர்கள் எழுதினார்கள். வாத்தியத்துக்குள் பூஞ்சை வளர்ந்திருந்தது.

யானையின் பங்கு

குழலின் முனைகளில் வெள்ளை வளையங்கள் இருக்கும். அழகுக்கு மட்டும் இல்லை. முனை உடையாமல், பிளக்காமல் காக்கும். முதலில் கொம்பும் எலும்பும் வைத்தார்கள். பிறகு யானைத் தந்தம் மலிவாக வந்தது. எப்படி மலிவாக? பிரிட்டன் ஆண்ட நாடுகளில் யானைகள் இருந்தன. சுட்டார்கள், கொண்டுபோனார்கள். பியானோ கட்டைக்கும் பில்லியர்ட்ஸ் பந்துக்கும் போனதுபோல பேக்பைப்புக்கும் தந்தம் போனது.

1989-இல் பல நாடுகள் கூடி ஆப்பிரிக்க யானைத் தந்த வியாபாரத்தைத் தடுக்க முடிவு செய்தன. ஆசிய யானைக்கு அதற்கு முன்பே தடை வந்துவிட்டது. பட்டறைகள் செயற்கைத் தந்தத்துக்கு மாறின. கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது கடினம்.

பழைய வாத்தியம் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? 2014-இல் ஒரு சம்பவம் நடந்தது. அமெரிக்க இளைஞர் இருவர் கனடாவில் ஒரு போட்டிக்குப் போய்த் திரும்பினார்கள். எல்லையில் அவர்கள் குழல்களை அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். தந்த வளையம் இருந்ததே காரணம். அவர்களிடம் அனுமதிச் சீட்டு இருந்தது. ஆனால் அவர்கள் வந்த வழி, தந்தப் பொருள் கொண்டுவர அனுமதித்த வழிகளில் ஒன்று இல்லை. பிறகு குழல்கள் திரும்பக் கிடைத்தன. பிரிட்டனில் 2022 முதல் தந்தப் பொருள் விற்பனைக்குக் கடுமையான சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 1975-க்கு முன் செய்த, ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தந்தம் உள்ள வாத்தியத்தைப் பதிவு செய்துவிட்டு விற்கலாம்.

யானை பிழைக்க வேண்டும் என்றால் இந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழையதற்கு ஏன் மதிப்பு?

1781-இல் ஃபால்கிர்க் என்ற ஊரில் பேக்பைப் போட்டி ஒன்று நடந்தது. போட்டி பிறகு எடின்பரோ நகருக்கு மாறியது. வென்றவருக்குப் பரிசு ஒரு புது பேக்பைப். எடின்பரோவில் ஹியூ ராபர்ட்சன் என்ற கடைசல்காரர் பரிசுக் குழல்கள் செய்தார். தனி ஆள் பெயர் சொல்லும் தொழிலாக அது வளர்ந்தது. பின்னர் கிளாஸ்கோ நகரில் பீட்டர் ஹென்டர்சன், அபர்ஃபெல்டி ஊரில் டங்கன் மக்டூகல் என்று பெயர்கள் வந்தன. அவர்கள் காலத்துக் குழல்களை இன்றும் தேடி வாங்குகிறார்கள். புதுப் பட்டறைகள் அவற்றின் உள்துளையை அளந்து, அதே அளவில் புதியதைச் செய்கின்றன. ஆளும் போய்விட்டார், கருவியும் போய்விட்டது. ஆனால் அளவு குழலுக்குள்ளேயே இருக்கிறது.

பழையது என்று சொன்னதை எல்லாம் நம்பிவிடவும் கூடாது. எடின்பரோவில் கிளென் குடும்பத்தார் வாத்தியக் கடை வைத்திருந்தார்கள். அவர்களிடம் 1409 என்று ஆண்டு செதுக்கிய ஒரு பேக்பைப் இருந்தது. ஸ்காட்லாந்தின் மிகப் பழைய குழல் என்று புத்தகங்களில் எழுதினார்கள். இன்று ஆய்வாளர்கள் அந்த ஆண்டை நம்புவதில்லை. மரத்தில் எண்ணைச் செதுக்க ஓர் உளி போதுமே!

படையோடு கடல் கடந்தது

1746-இல் ஸ்காட்லாந்து மலைநாட்டார் பிரிட்டன் அரசை எதிர்த்த போரில் தோற்றார்கள். ஜேம்ஸ் ரீட் என்ற பேக்பைப் வாசிப்பவரைப் பிடித்து விசாரித்தார்கள். அவர் கையில் ஆயுதம் இல்லை. ஆனால் மலைநாட்டுப் படை பேக்பைப் இல்லாமல் நடப்பதில்லை, எனவே அதுவும் போர்க் கருவியே என்று தீர்ப்பாயிற்று. அந்த நவம்பரில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

பிறகு அதே மலைநாட்டாரைப் பிரிட்டன் தன் படையில் சேர்த்துக்கொண்டது. குழலும் கூடவே போனது. அந்தப் படைகள் இந்தியாவுக்கும் வந்தன. சீக்கிய, கூர்க்கா, பஞ்சாபிப் படையினர் அதை வாசிக்கக் கற்றார்கள். பழுது பார்க்க ஆள் வேண்டும் அல்லவா? பஞ்சாபில் சியால்கோட் ஒரு பெரிய படை முகாம். அங்கே இருந்த கைவினைஞர்கள் பழுது பார்த்துப் பழகி, செய்யவும் கற்றார்கள். இன்று சியால்கோட் பாகிஸ்தானில் இருக்கிறது. உலகில் மிக அதிகமாக பேக்பைப் செய்யும் ஊர்களில் அது ஒன்று. ஷீஷம் என்ற மரத்தில் செய்கிறார்கள். விலை மிகக் குறைவு. தரம் ஒரே மாதிரி இருப்பதில்லை என்று வாசிப்பவர்கள் குறை சொல்வதுண்டு. ஆனால் கையில் காசு இல்லாதவர் முதல் பேக்பைப் வாங்க முடிவது பெரும்பாலும் அந்த ஊரால்தான்.

கருமரம் வளரும் ஊர்

இப்போது மரத்துக்கு வருவோம். ஆதியில் ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் பக்கத்து மரங்களில்தான் குழல் செய்தார்கள். கப்பல் வியாபாரம் பெருகியதும் கடினமான வெளிநாட்டு மரங்கள் வந்தன. முதலில் கியூபா, ஜமைக்கா தீவுகளின் கோக்கஸ் மரம். வெட்டி வெட்டி அது அரிதாகிப் போனது. கருங்காலியும் வந்தது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளர்கிறதே, அந்தக் கருங்காலி இனம்தான். கறுப்பும் பளபளப்பும் உண்டு. ஆனால் எளிதில் வெடிக்கும். கடைசியில் நிலைத்தது ஆப்பிரிக்கக் கருமரம். அந்த ஊர் மக்கள் அதை ம்பிங்கோ என்கிறார்கள். நம் ஈட்டி மரத்துக்கு உறவு.

ம்பிங்கோ தண்ணீரில் போட்டால் மூழ்கும். அவ்வளவு கனம். வளர்வதோ மிக மெதுவாக. வெட்டும் பருமன் வர எழுபது, எண்பது ஆண்டு ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். மரம் நேராகவும் வளராது. கோணலும் முடிச்சும் பொந்தும் நிறைய. வெட்டிய மரத்தில் வாத்தியத்துக்குத் தேறுவது பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கிளாரினெட் குழலுக்கும் இதே மரம்தான் வேண்டும். போட்டி அதிகம்.

இந்த மரம் நிறைய வருவது தான்சானியா, மொசாம்பிக் நாடுகளிலிருந்து. எங்கோ ஒரு குழல் ஆயிரக்கணக்கான பவுனுக்கு விலை போகிறது. மரம் நின்ற கிராமத்துக்கு என்ன கிடைத்தது? நெடுங்காலம் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. வெளியூர் ஆள் வந்து வெட்டிக்கொண்டு போவார். பணம் எங்கேயோ போகும். தமக்கு ஒன்றும் தராத மரத்தைக் காப்பாற்ற கிராமத்தாருக்கும் மனம் இருக்காது.

2002-இல் தான்சானியாவில் ஒரு வனச் சட்டம் வந்தது. கிராம நிலத்தில் உள்ள காட்டைக் கிராமமே தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம் என்றது. கடலோரத்தில் கில்வா என்ற மாவட்டம். அங்கே சில கிராமங்கள் முன்வந்தன. காட்டின் எல்லையைக் குறித்தார்கள். எத்தனை மரம் இருக்கிறது என்று எண்ணினார்கள். ஆண்டுக்கு எத்தனை வெட்டலாம் என்று கணக்குப் போட்டார்கள். திருட்டு வெட்டைத் தடுக்கக் காவல் சுற்றினார்கள். காட்டைப் பொறுப்பாகப் பேணுவோருக்குச் சான்று தரும் எஃப்.எஸ்.சி. என்ற உலக அமைப்பு 2009-இல் அவர்களுக்குச் சான்றிதழ் தந்தது. ஆப்பிரிக்காவில் மக்களே பார்த்துக்கொள்ளும் இயற்கைக் காட்டுக்கு அப்படிச் சான்று கிடைத்தது அதுவே முதல் முறை.

2017 முதல் இந்த இன மரங்கள் எல்லாவற்றுக்கும் நாடு விட்டு நாடு போக அனுமதி தேவை என்று விதி வந்தது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019-இல் விலக்கு அளித்தார்கள். கட்டைக்கு விலக்கு இல்லை. இந்த மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று சொல்லும் காகிதம் வேண்டும்.

இப்போது அந்தக் கிராமங்களில் மரம் விற்றால் பணம் கிராமக் கணக்குக்கு வருகிறது. வெட்டும் மரத்தை அளந்து, அடையாளம் இட்டு, எழுதி வைக்கிறார்கள். பிறகு அது அறுவை மில்லுக்குப் போகும். கோணல் போக, முடிச்சு போக, சில நேரான சிறு கட்டைகள் மிஞ்சும். முனைகளில் மெழுகு பூசிக் கப்பலில் ஏற்றுவார்கள். ஸ்காட்லாந்துப் பட்டறையின் அலமாரிக்குப் போய்ச் சேர்ந்ததும், அந்தக் கட்டை இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கும்.